எந்த எண்ணெய்? ஏலமலைச் சரிவும் தோல்வழி மருந்தும்

போடிநாயக்கனூரில் ஏலக்காயின் விலையைக் கண்தான் தீர்மானிக்கிறது. ஸ்பைசஸ் போர்டின் மின்ஏல மையத்தில் வியாபாரி முதலில் பார்ப்பது பச்சை நிறம். பிறகு காயின் பருமன், லிட்டர் எடை. 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் பச்சைக் காய்க்கு ஒரு விலை, வெளிறியதற்கும் வெடித்ததற்கும் வேறு விலை. விதைக்குள் இருக்கும் எண்ணெய் என்ன கலவை என்று அங்கே பேச்சு எழுவதில்லை. பாயசத்துக்கும் பிரியாணிக்கும் போகிற சரக்குக்கு அது தேவையும் இல்லை. தோலில் பூசும் மருந்துக்கு ஏலக்காய் எண்ணெயைப் பயன்படுத்த நினைப்பவருக்கோ நிறமும் பருமனும் எதற்கும் உதவாது. அந்தக் கலவை ஒன்றுதான் முக்கியம்.

எண்ணெய் வெறும் ஊடகம், மருந்து என்பது அதில் கரைந்திருக்கும் மூலிகைச் சத்து என்றே பொதுவாக நினைக்கிறோம். கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுத் தோல்மருந்து ஆய்வு இந்த நினைப்பைப் புரட்டிப்போட்டுவிட்டது. எந்த எண்ணெய் என்பதைப் பொறுத்து அதே மருந்து தோலுக்குள் இறங்கலாம், இறங்காமல் மேலேயே நிற்கலாம், தோலையே புண்ணாக்கவும் செய்யலாம். குரங்கணி, கொட்டகுடி, சென்ட்ரல், டாப் ஸ்டேஷன் என்று ஏறும் சரிவில் இந்த ஆய்வுகளில் பேசப்படும் தாவரங்களில் பல ஒரே மலையில் நிற்கின்றன. அடிவாரத்தில் தென்னையும் இலவமும் வெட்பாலையும். மேலே காப்பி, மிளகு, ஏலம். உச்சியில் தேயிலையும் யூகலிப்டஸும். அதனால் இந்தச் சரிவை வைத்தே கேள்வி முழுவதையும் பார்த்துவிடலாம்.

முதலில் தோல். உடம்புக்குள் அந்நியப் பொருள் நுழையாமல் தடுப்பது அதன் மிக மேலடுக்கு. மருத்துவ நூல்கள் ஸ்ட்ராட்டம் கார்னியம் என்று சொல்வது. உடலின் பெரும்பகுதியில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். உயிரற்ற தட்டைச் செல்கள் செங்கல்லாகவும், இடையில் நிரம்பிய செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பமிலங்கள் சாந்தாகவும் அமைந்த சுவர் இது என்று 1970களிலும் 80களிலும் விளக்கினார்கள். அந்த விளக்கம் இன்றும் நிற்கிறது. மருந்து பெரும்பாலும் செல்லைத் துளைத்துப் போவதில்லை. சாந்தின் வழியே வளைந்து நெளிந்து போகிறது. மூலக்கூறின் எடை 500 டால்ட்டனுக்கு மேல் போனால் நுழைவது கடினம் என்று பாஸ், மைனார்டி என்ற இருவர் 2000இல் எழுதிய விதியைப் பல ஆய்வாளர்கள் எல்லைக்கோடாக வைத்துக்கொள்கிறார்கள். சாந்து கொழுப்பாலானது, எண்ணெயும் கொழுப்பு. எண்ணெய்க்கு இந்தத் துறையில் இவ்வளவு இடம் கிடைத்ததற்குக் காரணம் இந்த உறவுதான்.

எல்லா எண்ணெயும் சாந்தோடு ஒரே மாதிரி உறவாடுவதில்லை. நம் வீட்டு எண்ணெய்களையே எடுத்துக்கொள்வோம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். நல்லெண்ணெயில் ஒலெயிக்கும் லினோலெயிக்கும் கிட்டத்தட்டச் சரிபாதியாக இருக்கும். விளக்கெண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் ரிசினோலெயிக் என்ற தனி இனம். இவற்றில் ஒலெயிக் அமிலம் தோலின் சாந்தை இளக்கும். அதனால் மருந்தியல் நூல்களில் அதற்கு ஊடுருவல் ஊக்கி என்று பெயர். லினோலெயிக்கின் வேலை வேறு: தோல் தன் தடுப்புக்குத் தேவையான செராமைடுகளைக் கட்ட அது கச்சாப்பொருள். ஒன்று கதவைத் திறக்கிறது, மற்றது கதவைச் செய்கிறது. வலிக்கு மருந்து உள்ளே போகவேண்டும் என்றால் முதலாவது உதவும். வறண்டு வெடித்த தோலையோ பச்சைக் குழந்தையின் தோலையோ காக்க வேண்டுமானால் அதே குணம் தீங்கு.

இதற்கு நல்ல சான்றுகள் உண்டு. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சில வாரங்கள் ஆலிவ் எண்ணெய் பூசியவர்களின் தோல் தடுப்பு பலவீனமாகிச் சிவப்பும் கண்டது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. ஆலிவில் ஒலெயிக் மிகுதி, சூரியகாந்தியில் லினோலெயிக் மிகுதி. வங்கதேசத்தில் டாக்கா ஷிஷு மருத்துவமனையில் நடந்து 2005இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இன்னும் முக்கியமானது. குறைமாதக் குழந்தைகளின் உடம்பில் சூரியகாந்தி எண்ணெய் தடவியபோது மருத்துவமனையில் தொற்றும் கிருமிநோய் 41 விழுக்காடு குறைந்தது. விலை குறைந்த ஒரு சமையல் எண்ணெய் உயிர் காத்த கதை அது.

ஆனால் 2016இல் மான்செஸ்டரில் நிறைமாதத்தில் பிறந்த 115 குழந்தைகளிடம் செய்த ஆய்வில், ஆலிவ், சூரியகாந்தி இரண்டுமே தோலின் கொழுப்பு அடுக்கு இயல்பாக முதிர்வதைத் தாமதப்படுத்தின. இரண்டு முடிவுகளும் மோதுவதுபோலத் தெரியும். என் பார்வையில் மோதவில்லை. குறைமாதக் குழந்தைக்குத் தடுப்பே இல்லை, எண்ணெய் அந்த இடத்தை நிரப்புகிறது. நிறைமாதக் குழந்தையின் தோல் தன் தடுப்பைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறது, எண்ணெய் குறுக்கே வருகிறது. யாருடைய தோல், எந்த நிலையில் என்று கேட்காமல் ‘எண்ணெய் நல்லது’, ‘எண்ணெய் கெட்டது’ என்று சொல்வது வீண் பேச்சு. தேங்காய் எண்ணெய்க்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸில் கரப்பான் வகைத் தோல் அழற்சி உள்ள குழந்தைகளுக்கு 8 வாரங்கள் உருக்காத தேங்காய் எண்ணெயும் கனிம எண்ணெயும் பூசி ஒப்பிட்டதில் தேங்காய் எண்ணெய் தெளிவாக முந்தியது. 2014இல் வந்த முடிவு இது.

எண்ணெய் தேய்த்தால் எலும்பு வரை இறங்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் வலுவாக இருக்கிறது. பெர்லினில் ஆய்வாளர்கள் அதை லேசர் நுண்ணோக்கி வைத்து உயிருள்ள மனிதத் தோலில் பார்த்தார்கள். ஜோஜோபா, சோயா, பாதாம், அவகாடோ எண்ணெய்கள், பாரஃபின் எல்லாமே மேலடுக்கின் முதல் சில வரிசைகளைத் தாண்டவில்லை. எண்ணெய் என்பது மூன்று கொழுப்பமிலங்கள் கிளிசராலோடு பிணைந்த பெரிய மூலக்கூறு. அப்படியே நுழைய முடியாது. பிணைப்பு விட்டுத் தனியான கொழுப்பமிலம்தான் சாந்துக்குள் புகும்.

இந்த இடத்தில் சித்த மருத்துவத்தின் தைலம் காய்ச்சும் முறையை வேறு கண்ணோடு பார்க்கத் தோன்றுகிறது. மூலிகைச் சாற்றையும் கல்கம் என்னும் அரைத்த விழுதையும் எண்ணெயில் சேர்த்து, நீர் வற்றும்வரை சிறுதீயில் காய்ச்சி, மெழுகுப் பதமோ மணல் பதமோ பார்த்து இறக்குகிறார்கள். நீரோடும் சூட்டோடும் நெடுநேரம் இருக்கும் எண்ணெயில் சிறிது நீர்ப்பகுப்பு நடக்கும், தனிக் கொழுப்பமிலம் கூடும். தைலங்களின் தரச் சோதனையில் இந்தத் தனிக் கொழுப்பமிலத்தைக் காட்டும் அமில எண் என்று ஒரு அளவு ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கெட்டுப்போனதைக் காட்டும் குறியாக மட்டுமே பார்க்கிறோம். பதத்துக்குப் பதம் அமில எண் எப்படி மாறுகிறது, அதற்கேற்ப மருந்து தோலில் இறங்குவது கூடுகிறதா என்பதை அளந்தால், மணல் பதத்துக்கும் மெழுகுப் பதத்துக்கும் மருந்தியல் காரணம் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். பெரிய கருவி வேண்டாத ஆய்வு இது. நல்லெண்ணெயைப் பல தைலங்களுக்கு அடிப்படையாக வைத்ததிலும் பொருள் இருக்கிறது. அதிலுள்ள செசமோல் வகைப் பொருள்கள் எண்ணெய் சீக்கிரம் சிக்குப்பிடிக்காமல் காக்கின்றன.

இனி ஏலக்காய். மேலே சொன்னவை எல்லாம் ஆவியாகாத எண்ணெய்கள். ஏலம், யூகலிப்டஸ், எலுமிச்சைப்புல் போன்றவற்றில் இருப்பது நீராவியில் வடித்தெடுக்கும் வாசனை எண்ணெய். சிறிய டெர்பீன் மூலக்கூறுகளால் ஆனது, தோலின் சாந்துக்குள் எளிதாக நுழைவது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம்ஸ், பேரி ஆகிய இருவரும் 1991இல் செய்த சோதனை இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோளாகும் ஒன்று. பிரித்தெடுத்த மனிதத் தோற்படலத்தின்மேல் பல டெர்பீன்களைத் தனித்தனியே வைத்து, பிறகு 5-ஃப்ளோரோயூராசில் என்ற புற்றுநோய் மருந்து எவ்வளவு ஊடுருவுகிறது என்று அளந்தார்கள். 1,8-சினியோல் வைத்த தோலில் ஊடுருவல் ஏறத்தாழ 90 மடங்கு கூடியது. இந்த எண்ணைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. அது கலப்பில்லாத சினியோல், ஆய்வகத் தோல். களிம்பில் ஓரிரு விழுக்காடு சேர்த்து உயிருள்ள தோலில் பூசும்போது இந்த அளவு வராது. ஆனால் திசை உறுதியாகிவிட்டது.

அந்தச் சினியோல் ஏலக்காய் எண்ணெயின் இரு முக்கியப் பொருள்களில் ஒன்று. மற்றது ஆல்ஃபா டெர்பினைல் அசிடேட். 1990களில் தைவான் ஆய்வாளர்கள் ஏலக்காய் எண்ணெயையே ஊக்கியாக எடுத்து, இண்டோமெதசின், பைராக்ஸிகாம், டைக்ளோஃபினாக் என்னும் மூன்று வலிநீக்கி மருந்துகளோடு சோதித்து, ஊடுருவல் கூடுவதைக் காட்டினார்கள். மூட்டுவலிக்கு நாம் பூசும் ஜெல்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது இந்த டைக்ளோஃபினாக்தான். மாத்திரையாக விழுங்கினால் வயிற்றைப் புண்ணாக்கும் மருந்து அது. தோல்வழியே போனால் அந்தத் தொல்லை குறைவு.

போடிக்கு உரிய கேள்வி இதற்குப் பிறகுதான் வருகிறது. ஏலக்காய் எண்ணெய் என்று ஒன்று இல்லை. மைசூர் வகைக் காயில் டெர்பினைல் அசிடேட் மிகுந்து, மணம் இனிப்பாக இருக்கும். மலபார் வகையில் சினியோல் கூடி, கற்பூர வாடை தூக்கலாக இருக்கும். இரண்டின் இடையில் பிறந்தது வழுக்கை. இன்று ஏலமலைத் தோட்டங்களில் பரவலாக நிற்கும் ஞள்ளானி இந்த வழுக்கை வகையைச் சேர்ந்தது. சமையலறையும் வெளிநாட்டுக் காப்பிக்கடையும் இனிப்பு மணத்தை விரும்பலாம். தோல்மருந்துக்கு ஊக்கியாகச் சினியோல் மிகுந்த எண்ணெய் வேண்டியிருக்கலாம். நிறம் போன காயிலும் வெடித்த காயிலும் விதை இருக்கிறது, விதையில் எண்ணெய் இருக்கிறது. ஆனால் வெடித்த காயில் ஆவியாகும் பகுதி சீக்கிரம் போய்விடும். எனவே தோட்டத்து ஸ்டோரில் உலர்த்திய எத்தனையாவது நாளில் வடித்தது என்பதுகூடக் கலவையை மாற்றும். கேரளப் பக்கத்து மயிலாடும்பாறையில் 1978 முதல் இயங்கும் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும், பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரியும் இந்தச் சரிவுக்கு அண்டை வீடுகள். எந்த வகை, எந்த உயரம், எந்த மாதம் பறித்தது, எவ்வளவு சினியோல் என்று ஒரு பட்டியல் மருந்தாளுநர் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் ‘ஏலக்காய் எண்ணெய் 2 விழுக்காடு’ என்று எழுதுவதில் பொருளில்லை.

யூகலிப்டஸிலும் இதே சிக்கல். நீலகிரித் தைலம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் குளோபுலஸ் இலையிலிருந்து வடித்தது, சினியோல் மிகுந்தது. மூணாறுப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை அடுப்புகளுக்காக நட்டவற்றில் கிராண்டிஸ் அதிகம். அதன் இலை எண்ணெயில் பைனீன் மிகுதி, சினியோல் குறைவு. மரத்தின் பெயர் ஒன்று, மருந்து வேறு.

ஊடுருவ வேண்டாத பூச்சும் ஒன்று உண்டு, அதை மறந்துவிடுகிறோம். கொசுவும் அட்டையும் அண்டாமல் பூசுவது தோலின் மேலேயே நிற்க வேண்டும். டெல்லியில் மலேரியா ஆராய்ச்சி மையத்தினர் 1993இல் தேங்காய் எண்ணெயில் 2 விழுக்காடு வேப்பெண்ணெய் கலந்து பூசி, மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் கொசுக்களிடமிருந்து இரவு முழுவதும் நல்ல பாதுகாப்பு கிடைத்ததைப் பதிவு செய்தார்கள். ஜீப்பில் மலையேறி ஏலக்காட்டு ஈரத்தில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் போடிப் பெண்களின் கால்களுக்கு எந்த எண்ணெய், எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்ப்பது, உயர்ந்த ஆய்வகத்து நானோ களிம்பைவிட அவசரமான வேலை என்று நான் நினைக்கிறேன்.

இந்தச் சரிவின் அடிவாரக் காட்டில் இருக்கும் வெட்பாலை, முழுக் கேள்வியையும் ஒரே புட்டியில் காட்டுகிறது. இலையைக் கையால் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைப்பார்கள். பச்சை இலை போட்ட எண்ணெய் பச்சையாகத்தான் இருக்க வேண்டும். வெயில் ஏற ஏற அது ஊதாவாக மாறும். சில நாளில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நாவல்பழச் சாறுபோலச் சிவப்போடிய கருநீலம் தெரியும். காரணம் இலையிலுள்ள அவுரி வகைச் சாயம். இலைச் செல் உடைந்ததும் நிறமற்ற முன்பொருள் சிதைந்து, காற்றுப் பட்டு இண்டிகோவாகவும் அதன் சிவப்பு உறவான இண்டிருபினாகவும் மாறுகிறது. தண்ணீரில் இவை கரைவதில்லை. எண்ணெயில் வைக்கச் சொன்ன முறையில் அதனால்தான் அறிவு இருக்கிறது. காளாஞ்சகப்படை என்று சொல்லும் சொரியாசிஸுக்குச் சித்த மருத்துவர்கள் இதைக் கொடுக்கிறார்கள். 777 எண்ணெய் என்ற பெயரில் இது ஆய்வுக்கும் உள்ளாகி, கடைக்கும் வந்திருக்கிறது.

இதே இண்டிருபினைத் தைவானில் சாங் குங் மருத்துவமனைக் குழுவினர் வேறு தாவரங்களின் நீலத்திலிருந்து எடுத்தார்கள். 2008இல் களிம்பாகச் சோதித்துச் சொரியாசிஸ் படை குறைவதைக் காட்டினார்கள். தோலும் துணியும் நீலமாவது நோயாளிகளுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. பிறகு நீலத்தை விலக்கி, பயனுள்ள பகுதியை ஆலிவ் எண்ணெயில் பிரித்தெடுத்து, நகத்தில் வரும் சொரியாசிஸுக்குச் சொட்டு மருந்தாக்கி, ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த கால்சிபோட்ரியால் மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு நாட்டு மருந்தை எப்படி நவீன மருந்தாக்குவது என்பதற்கு இது நல்ல பாடம்: எந்தப் பொருள் வேலை செய்கிறது, எந்த எண்ணெய் அதைத் தூக்குகிறது, நோயாளி எதை வெறுக்கிறார் என்ற மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார்கள். வெட்பாலைத் தைலத்துக்கும் இந்த மூன்று கேள்விகளும் பொருந்தும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் இண்டிருபினை எவ்வளவு கரைக்கின்றன, எவ்வளவு தோலில் விடுகின்றன என்று ஒரே மேசையில் அளக்கலாம். தாம்பரம் தேசிய சித்த நிறுவனமும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் கைவசம் இருக்கும் நாட்டில் இது தயங்க வேண்டிய வேலை அல்ல.

போடி வட்டாரத்தின் இலவம் பஞ்சு, மெத்தைக்கும் தலையணைக்கும் போகிறது. பஞ்சைப் பிரித்தபின் மிஞ்சும் விதையிலும் எண்ணெய் உண்டு. லினோலெயிக் இருப்பதால் தோலுக்கு ஏற்றது என்று தோன்றும். கூடவே மால்வாலிக், ஸ்டெர்குலிக் என்னும் வளையக் கொழுப்பமிலங்களும் இருக்கின்றன. உணவாகச் சேர்ந்தால் இவை உடம்பின் கொழுப்பு மாற்றத்தைக் குலைக்கும் என்பது கால்நடை ஆய்வுகளில் தெரிந்தது. இவற்றை நீக்கிச் சுத்திகரிக்காமல் யாரும் இதைத் தோல் எண்ணெய் என்று புட்டியில் அடைத்து விற்கக் கூடாது.

புதிய வடிவங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எண்ணெயையும் நீரையும் மிகச் சிறு துளிகளாகக் கலந்த நானோ பால்மம், சாராயம் மிகுந்த எத்தோசோம், திட, திரவக் கொழுப்புகளைக் கலந்த நுண்துகள் என்று பல வந்துவிட்டன. எத்தோசோம் 2000 வாக்கில் ஜெருசலேமிலும், கொழுப்பு நுண்துகள்கள் 1990களிலிருந்து ஜெர்மனியிலும் வளர்ந்தவை. தாவர எண்ணெய்கள் இவற்றில் மருந்தைக் கரைக்கும் பகுதியாகவும் ஊக்கியாகவும் இரட்டை வேலை செய்கின்றன. நம் பார்மசி கல்லூரிகளில் இவற்றில் ஆய்வேடுகள் குவிகின்றன. துளியின் அளவை நுணுக்கமாக அளக்கும் ஆய்வேடு எண்ணெய் எங்கிருந்து வந்தது, அதன் கலவை என்ன என்பதைக் கடைப் புட்டியின் பெயரோடு முடித்துக்கொண்டால், அடுத்தவரால் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது.

இனி தீங்குகள். கதவைத் திறக்கும் பொருள் யாருக்காகத் திறக்கிறது என்று பார்ப்பதில்லை. லிமோனீன், லினலூல் போன்ற வாசனைப் பொருள்கள் காற்றுப் பட்டு ஆக்சிஜன் ஏறினால் ஒவ்வாமை உண்டாக்கும். ஐரோப்பாவில் இவற்றைப் பெட்டியின்மேல் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்பது சட்டம். ஏலத்தோட்டங்களில் பூச்சிமருந்துத் தெளிப்பு அதிகம் என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். அந்த மருந்துகளில் பல கொழுப்பில் கரைபவை; எண்ணெயோடு அவையும் வரக்கூடும். ஊக்கியே அந்த நஞ்சையும் தோலுக்குள் அனுப்பும். கைக்குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ சினியோல், கற்பூரம் சேர்ந்த தைலத்தைத் தடவுவது மூச்சுக்கே ஆபத்து.

தீப்புண்ணைத் தனியே சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேற்றம் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடலின் பெரும்பகுதி வெந்தவர்கள் தேனி, மதுரை அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். வெந்த தோலில் அந்த 20 மைக்ரோமீட்டர் சுவரே இல்லை. இதுவரை சொன்ன கணக்கு எதுவும் அங்கே செல்லாது. எண்ணெய் சூட்டை உள்ளேயே நிறுத்தும், அழுக்கைச் சேர்க்கும், மருத்துவர் புண்ணின் ஆழத்தைப் பார்க்க முடியாமல் மறைக்கும். தீப்பட்ட இடத்தில் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த தண்ணீர், பிறகு சுத்தமான துணி, உடனே மருத்துவமனை. தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், தைலம் எதுவும் வேண்டாம்.

இந்தச் சரிவிலிருந்து சரக்கு வெளியூர் போவது புதிதல்ல. 1902இல் மூணாறுப் பக்கத்துக் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள ரயில் ஓடி, 1908இல் அது சிறு ரயில் பாதையாகி, 1924 பெருவெள்ளத்தில் அழிந்தது. அது இருந்தவரை மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷன் வந்து, ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியே வெளியூர் போனது. இன்று ஏலக்காய் போகிறது. மருந்துக்கான எண்ணெயும் அப்படியே மூட்டையாகப் போய், அளவும் பெயரும் வேறு ஊரில் ஏறித் திரும்பி வரவேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு வடிகலனும், எண்ணெயின் பொருள்களைப் பிரித்து அளக்கும் வாயு நிறச்சாரல் பிரிகைக் கருவி உள்ள ஒரு கல்லூரி ஆய்வகமும், தோல் ஊடுருவலை அளக்கும் கண்ணாடிக் கலமும் போதும்.

தைலம், களிம்பு செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மூலிகைகளைக் கிராம் கணக்கில் எழுதிவிட்டு எண்ணெயை ‘தேவையான அளவு’ என்று முடிக்காதீர்கள். எந்த எண்ணெய், செக்கில் ஆட்டியதா சுத்திகரித்ததா, அமில எண் என்ன, வாசனை எண்ணெய் சேர்த்திருந்தால் சினியோல் எவ்வளவு என்று புட்டியில் எழுதுங்கள். வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். எழுதாத புட்டியைக் குழந்தைக்கும் புண்ணுக்கும் பூச வேண்டாம்.